பாயின்ட் டூ டூ: கொங்குச் சீமையின் சின்னத் துப்பாக்கி

பர்மிங்ஹாமிலிருந்து கப்பலேறி வந்த பழைய பி.எஸ்.ஏ. சைக்கிள் ஒன்று எங்காவது கண்ணில் பட்டால், அதன் முகப்புப் பட்டையைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று துப்பாக்கிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கூம்பாக நிற்கும். சைக்கிளுக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு என்றால், அந்தக் கம்பெனியின் முதல் தொழிலே துப்பாக்கிதான். 1861இல் பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கொல்லர்கள் கூடித் தொடங்கிய ஆலை அது. சண்டை இல்லாத காலத்தில் இராணுவ ஆர்டர் குறைந்து மிஷின்கள் சும்மா நின்றபோதுதான் சைக்கிள் செய்ய இறங்கினார்கள். பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. பி.எஸ்.ஏ. சைக்கிள் தமிழ்நாட்டின் தெருவெங்கும் ஓடியது. அதே ஆலையின் சின்ன ரைபிள் வந்தது மிகச் சில வீடுகளுக்கு மட்டும். காங்கேயம், தாராபுரம், பல்லடம், உடுமலை, அவிநாசி பக்கத்துப் பண்ணை வீடுகளும், பஞ்சு அரவையிலும் நூற்பாலையிலும் பணம் பார்த்த குடும்பங்களும் அந்தச் சிலவற்றில் அடங்கும்.

அந்தச் சின்ன ரைபிளின் கதை கொங்கு வரலாற்றில் பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கிறது. புலி வேட்டை, யானை வேட்டை என்று பெரிய துப்பாக்கிகளுக்குப் புத்தகங்கள் உண்டு. ஆனைமலையிலும் பழனி மலையிலும் வேட்டையாடிய ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டனின் குறிப்புகள் 1892இலேயே அச்சேறின. ஆனால் முயலுக்கும் கவுதாரிக்கும் குறிப் பலகைக்கும் உரிய சிறு துப்பாக்கியைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பொருள்தானே என்று விட்டுவிட்டார்கள். நம் ஊர் மனிதர்களுக்கும் அரசாங்கத்துக்கும் இருந்த உறவைப் பெரிய துப்பாக்கியைவிட இதுதான் தெளிவாகக் காட்டுகிறது.

‘பாயின்ட் டூ டூ’ என்று நாம் சொல்லும் தோட்டா அமெரிக்காவில் பிறந்தது. .22 லாங் ரைபிள் என்ற வடிவத்தை ஸ்டீவன்ஸ் கம்பெனி 1887இல் கொண்டுவந்தது. குண்டின் குறுக்களவு ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர், எடை 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். தோட்டாவின் அடி விளிம்புக்குள்ளேயே வெடிமருந்து பூசப்பட்டிருக்கும். ஊசி அந்த விளிம்பில் அடித்ததும் பற்றிக்கொள்ளும். சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாவை மறுபடி நிரப்ப முடியாது. நாட்டுத் துப்பாக்கிக்குக் கரிமருந்தும் ஈயமும் கிடைத்தால் போதும், வாய் வழியாக இடித்துச் சுடலாம். பாயின்ட் டூ டூவுக்கோ ஒவ்வொரு முறையும் கடைக்குப் போயாக வேண்டும், லைசென்ஸ் புத்தகத்தில் கணக்கு ஏற வேண்டும். தோட்டாவைக் கையில் வைத்திருப்பவன்தான் துப்பாக்கியையும் கையில் வைத்திருக்கிறான் என்பது ஆட்சியாளருக்கு எவ்வளவு வசதி!

இங்கிலாந்தில் இந்தச் சிறு ரைபிளைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் லார்ட் ராபர்ட்ஸ். தமிழ்நாட்டுக்கு அந்நியர் அல்ல அவர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். தென்னாப்பிரிக்காவில் போயர் விவசாயிகள் குறி தவறாமல் சுட்டுப் பிரிட்டிஷ் படையைத் திணறடித்ததைப் பார்த்தபின், சாதாரணத் தொழிலாளியும் குறிபார்க்கப் பழக வேண்டும் என்று பிரசாரம் செய்தார். 1901இல் அதற்கென்று சங்கம் எழுந்தது. ஆலைக்குப் பின்னாலும் தேவாலயக் கூடத்திலும் ரைபிள் கிளப்புகள் முளைத்தன. விலை மலிவான, உறுதியான சிறு ரைபிள்களை பி.எஸ்.ஏ. ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளியது. மார்ட்டினி என்ற அமைப்பு அதில் பேர்போனது: அடியிலுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால் இரும்புக் கட்டை இறங்கும், தோட்டாவை வைத்து நெம்புகோலை மேலே இழுத்தால் தயார். ஒரு நேரத்தில் ஒரே தோட்டா. இதற்கு முன்னரே ஆங்கிலேயக் கனவான்கள் தோட்டத்தில் காக்கை, முயல் சுடுவதற்கென்று ‘ரூக் ரைபிள்’ வைத்திருந்தார்கள்; .300, .295, .250 என்று அதில் பல அளவுகள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற லண்டன் கடைகள் அவற்றை நகை வேலை போலச் செய்து விற்றன. ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பும் தோட்டத் துரைகளும் அதிகாரிகளும் விற்றுவிட்டுப் போன சாமான்களோடு இவையும் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கின.

இறங்கிய இடம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் பிறந்த தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் தென்பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறித்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. வேலும் ஈட்டியும் துப்பாக்கியும் வீட்டுக்கு வீடு இருந்த நிலம் ஒரே தலைமுறையில் வெறுங்கையானது. 1857க்குப் பின் பிடி இன்னும் இறுகியது. லிட்டன் பிரபு காலத்தில், 1878இல், ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும். வெள்ளைக்காரனுக்கு அது தேவையில்லை. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. காந்தியும் பின்னாளில் இந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சாடினார்.

பக்கத்துக் குடகில் நிலைமை வேறு. அங்கே கொடவர்களுக்கு 1861 முதலே விலக்கு உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த விலக்கு தொடர்ந்தது, 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கைல்போல்து பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் குடும்பச் சொத்து, இந்தப் பக்கம் கலெக்டர் மனது வைத்தால் கிடைக்கும் சலுகை.

ஆகவே கொங்கில் ஒருவர் பாயின்ட் டூ டூ வைத்திருந்தார் என்றால், கோவைக் கலெக்டர் ஆபீசில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது என்று பொருள். இன்றைய திருப்பூர் மாவட்டம் முழுவதும் அன்று கோவை ஜில்லாவுக்குள்தான். பட்டக்காரர்கள், மிட்டாதாரர்கள், மணியக்காரர்கள், பெரிய பண்ணையார்கள் முதல் வரிசை. கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசனத்தில் விளைந்து, திருப்பூர்ச் சந்தையில் பணம் புரளத் தொடங்கியபின் பஞ்சு வியாபாரிகளும் அரவை மில் முதலாளிகளும் சேர்ந்தார்கள். 1932 ஜனவரியில் கொடி பிடித்து ஊர்வலம் போன குமரன் போலீஸ் தடியடியில் விழுந்து இறந்த அதே ஊர்தான் இது. கதர் கட்டியவனுக்குத் தடியடி, அரசுக்கு வேண்டியவருக்குத் துப்பாக்கி லைசென்ஸ். இரண்டும் ஒரே சர்க்காரின் கையிலிருந்து வந்தவை என்பதை மறந்துவிட்டுப் பழைய ரைபிளைப் பெருமையாக மட்டும் பேசுவது நேர்மையாகாது.

அந்த ரைபிளுக்கு இங்கே என்ன வேலை? காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தின் கொரங்காட்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல், மேயும் காங்கேயம் மாடுகள். மழை குறைந்த இந்த மேய்ச்சல் நிலத்தில் கவுதாரியும் காடையும் முயலும் நிறைய. வாசலில் டபுள் பேரல் ட்வெல்வ் போர் துப்பாக்கி காவலுக்கு நின்றது; அதன் சன்னக் குண்டுகள் பறவையைச் சல்லடையாக்கிவிடும், சத்தம் மாட்டை மிரட்டும். சின்ன ரைபிளில் ஒரே குண்டு, அடங்கிய சத்தம், கறி வீணாகாது. பொங்கலை ஒட்டி நாயும் கம்புமாக முயல் வேட்டைக்குப் போகும் பழக்கம் கொங்கின் பல ஊர்களில் இருந்தது. ரைபிள் உள்ளவர் அதிலும் தனி ஆளாகத் தெரிந்தார். உடுமலைக்குத் தெற்கே அமராவதிப் பள்ளத்தாக்கும் ஆனைமலை அடிவாரமும் பெரிய வேட்டைக்காரர்களின் களம். அங்கே பாயின்ட் டூ டூ முகாமின் சமையல் பானைக்கு உணவு தேடும் துணைத் துப்பாக்கியாக மட்டுமே போனது.

துப்பாக்கியின் அளவை நிர்ணயித்ததிலும் அரசாங்கத்தின் கை உண்டு. .303 இராணுவத் தோட்டா. அது குடிமக்கள் கைக்குப் போனால் சிப்பாய் முகாமிலிருந்து திருட்டுத் தோட்டா வெளியேறும் என்ற பயம். ஆகவே .303 தடை. அந்த இடத்தை நிரப்ப, ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டா .315 என்ற பெயரில் வந்தது. வங்காளத்து இஷாப்பூர் ரைபிள் ஆலை சுதந்திரத்துக்குப் பின் அதே அளவில் வேட்டை ரைபிள் செய்து விற்றது. இந்தியா முழுக்க லைசென்ஸ்காரர் கையில் இருக்கும் ‘த்ரீ ஒன் ஃபைவ்’ அதுதான். பாயின்ட் டூ டூவை மட்டும் யாரும் தடுக்கவில்லை. படைக்கு அதில் பயிற்சி தவிர வேறு பயன் இல்லை.

இனி பராமரிப்பு. பழைய பாயின்ட் டூ டூவைப் பற்றி எழுதும்போது இந்த இடத்தில் நின்று நிதானித்தே ஆக வேண்டும். ஏனென்றால் நம் வீடுகளில் கெட்டுப்போன ரைபிள்களில் பெரும்பாலானவை சுட்டுத் தேய்ந்தவை அல்ல. சுட்டபின் சரியாகத் துடைக்காமல் அரித்துப்போனவை.

காரணம் ஒரு வேதிப்பொருள். 1920களின் பிற்பகுதிவரை தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலின் உள்சுவரில் படியும். சமையல் உப்பின் உறவுக்காரன் அது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை இரவோடிரவாகத் தின்னத் தொடங்கும். பழைய கரிமருந்தில் புகைக்கசடு அதிகம். அந்தக் கசடோடு உப்பும் கலந்து துடைக்கும்போது வெளியேறிவிடும். புகையில்லா மருந்து வந்தபின் கசடு குறைந்தது, உப்பு அப்படியே நின்றது. பாயின்ட் டூ டூவில் மருந்தின் அளவே சொற்பம் என்பதால், அதனோடு ஒப்பிட்டால் உப்பின் பங்கு பெரிது. அதனால்தான் 1900க்கும் 1930க்கும் இடைப்பட்ட ரைபிளின் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரியும். ரெமிங்டன் கம்பெனி 1926-27 வாக்கில் அரிக்காத மருந்தைக் கொண்டுவந்தது. ஜெர்மானியரும் அதே காலத்தில் தங்கள் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் உலகம் முழுவதும் எத்தனையோ நல்ல குழல்கள் பாழாகியிருந்தன.

இந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட உடனே எண்ணெய் தடவி வைத்தால் உப்பு எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்து இரும்பை அரிக்கும். விவரம் தெரிந்தவர்கள் கொதிக்கும் தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றினார்கள். சூடேறிய இரும்பு தானாகவே உலர்ந்துவிடும், அதன்பின் எண்ணெய். துப்பாக்கிக்குள் தண்ணீரா என்று பதறியவர்களின் துப்பாக்கிதான் துருப்பிடித்தது.

எண்ணெயிலும் தவறு நடந்தது. வீட்டில் கிடைத்த தேங்காய் எண்ணெயைத் தடவினார்கள். அது பனிக்காலக் காலையில் உறைந்து ஊசியையும் ஸ்பிரிங்கையும் மந்தமாக்கும். நாள்பட்டால் சிக்கடைந்து பிசுபிசுக்கும், அதிலுள்ள அமிலம் இரும்புக்கு ஆகாது. திருப்பூர் வட்டாரத்தில் இதற்கு மாற்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. தையல் மிஷின் எண்ணெய் இலேசான கனிம எண்ணெய். உறையாது, பிசின் கட்டாது. நுட்பமான இயந்திரப் பாகத்துக்கு எது பொருந்துமோ அது சிறு ரைபிளின் பின்வாயை அடைக்கும் போல்ட்டுக்கும் பொருந்தும். நிட்டிங் மிஷின் ஊசியில் ஒரு புள்ளி துரு ஏறினால் துணி முழுக்கக் கோடு விழும் என்று அறிந்த ஊர் இது. எண்ணெய் அதிகமானால் கறை, குறைந்தால் துரு என்ற கணக்கு பனியன் கம்பெனி ஃபிட்டருக்கு விரல் நுனியில் இருக்கும். அதே கணக்குத்தான் இங்கேயும்: மெல்லிய படலம் போதும். சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் குழலைத் துடைத்துவிட வேண்டும்.

துடைக்கும் துணிக்கும் இந்த மண் பஞ்சம் வைக்கவில்லை. பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக இந்தியா முழுவதுமுள்ள பட்டறைகளுக்குப் போகிறது. கழுவிய பருத்தி நிட்டிங் துணி நூல் பிரியாது, எண்ணெயை நன்றாக உறிஞ்சும். இராணுவத்திலும் என்.சி.சி.யிலும் துப்பாக்கி துடைக்கும் துண்டுக்குச் ‘சிந்தி’ என்று பெயர். நாலு அங்குலம் நீளம், இரண்டு அங்குலம் அகலம். பாலியெஸ்டர் கலந்த துணி இதற்கு ஆகாது, எண்ணெயைத் தள்ளிக்கொண்டே போகும்.

துடைக்கும் விதத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. குழலின் வாய், குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் விளிம்பு. அங்கே ஒரு மயிரிழை தேய்ந்தாலும் குறி சிதறும். ஆகவே கம்பியைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத்தான் செலுத்த வேண்டும். போல்ட்டைக் கழற்றும் ரைபிள்களில் இது எளிது. செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ ரைபிளை நம் நாட்டுச் சுடுநர்கள் விரும்பியதற்கு அதன் உறுதியோடு இந்த வசதியும் ஒரு காரணம். மார்ட்டினி ரைபிளில் பின்வழி பெரும்பாலும் கிடையாது. கயிறு கோத்து இழுப்பார்கள், அல்லது வாய் வழியாகவே கம்பி விடுவார்கள். கயிற்றைச் சாய்த்து இழுத்து இழுத்து வாய் விளிம்பில் பள்ளம் விழுந்த பழைய குழல்கள் ஏராளம். ஈயக் குண்டில் மெழுகு பூசியிருப்பதால் இன்றைய தோட்டாவுக்கு ஓயாத சுத்தமும் தேவையில்லை. அடிக்கடி தேய்த்துக் கெடுப்பதைவிட அளவோடு துடைப்பது மேல்.

இன்னும் சில சங்கதிகள் வேகமாக. தோட்டா இல்லாமல் விசையை இழுத்து விளையாடக் கூடாது. ஊசி நேராகக் குழலின் விளிம்பில் அடித்து அங்கே பள்ளம் போடும். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. ஐப்பசி மழையின் ஈரத்தைத் தோல் பிடித்துவைத்து உலோகத்துக்குக் கொடுக்கும். வால்நட் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விரலால் தேய்த்து ஏற்ற வேண்டும். வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கினால் அதன் மதிப்பே போயிற்று. பழைய நீலப்பூச்சை எமெரித் தாளால் தேய்த்து வெள்ளையாக்குவது எல்லாவற்றிலும் பெரிய கொடுமை.

குழலில் அடித்திருக்கும் சிறு முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தால் ரைபிளின் வயது ஓரளவுக்குப் பிடிபடும். பர்மிங்ஹாம் சோதனை நிலையம் 1813இல் சட்டப்படி நிறுவப்பட்டது. இரட்டிப்பு மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் நின்ற குழலுக்குத்தான் முத்திரை. 1904, 1925, 1954 ஆகிய ஆண்டுகளில் முத்திரை விதிகள் மாறின. எந்த விதிப்படி அடித்தது என்று பார்த்தாலே எந்தக் காலத்துக் குழல் என்று தெரியும். சில ரூக் ரைபிள்களில் உள்ளே புதுக் குழல் செருகியிருக்கும். பழைய அளவின் தோட்டா அருகிவிட்டதால், அரித்த குழலைக் குடைந்து அதற்குள் பாயின்ட் டூ டூ எஃகுக் குழாயைப் பொருத்தும் வேலையை பார்க்கர்-ஹேல் என்ற பர்மிங்ஹாம் கம்பெனி பெருமளவில் செய்தது.

நம் லேத் பட்டறைகளால் இதைச் செய்ய முடியாதா? கோவையிலும் திருப்பூரிலும் உள்ள கைகளுக்கு ஒரு ஊசியோ ஸ்பிரிங்கோ கடைவது கஷ்டமே இல்லை. ஆனால் இன்றைய ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் தனி லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ் பெற்ற ஆட்கள் அருகிவருகிறார்கள். பம்புசெட்டுக்கும் பின்னலாடை மிஷினுக்கும் பாகம் கடைந்து உலகத்தோடு போட்டியிட்ட ஒரு வட்டாரத்தில், துப்பாக்கிக் கொல்லர் தொழில் மட்டும் வேரூன்ற இடமில்லாமல் போனது.

சாதாரணத் தமிழன் பாயின்ட் டூ டூவைத் தொட்டது பண்ணை வீட்டில் அல்ல, என்.சி.சி. முகாமில்தான். 1948இல் சட்டப்படி உருவான அந்த அமைப்பு, கலெக்டரின் நல்லெண்ணம் இல்லாத வீட்டுப் பிள்ளையின் தோளிலும் ரைபிளை வைத்தது. கல்லூரி மாணவன் மணல் மூட்டைக்குப் பின்னால் படுத்து, 25 கெஜத்தில் உள்ள அட்டையில் ஐந்து தோட்டா சுட்டு, பிறகு சிந்தியால் குழலைத் துடைத்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போக முடியும். நெசவாளர் மகனும் பனியன் தொழிலாளி மகளும் துப்பாக்கியைச் சுத்தம் செய்யக் கற்றது அங்கே.

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959இல் நிறைவேறி 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதில் பாயின்ட் டூ டூவுக்குத் தனி இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பின் உறுப்பினர் குறிப் பயிற்சிக்கு பாயின்ட் டூ டூ அல்லது ஏர் ரைபிள் கேட்டால் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவர் இத்தனை துப்பாக்கிதான் வைக்கலாம் என்ற 3ஆம் பிரிவின் உச்சவரம்பிலும் அந்த உறுப்பினருக்கு விலக்கு. சட்டத்தை எழுதியவர்கள் இந்தச் சின்ன ரைபிளை ஆயுதமாகப் பார்ப்பதற்கு முன் விளையாட்டுக் கருவியாகப் பார்த்திருக்கிறார்கள். தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் மக்களவையின் முதல் சபாநாயகர் மவ்லங்கர் என்பதும் இந்தப் பார்வைக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

வேட்டைக்கு 1972இல் கடிவாளம் விழுந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் கொரங்காட்டில் உரிமமின்றி வேட்டையாடுவது குற்றமானது. அது சரியான சட்டம். மயில் 1963இலேயே தேசியப் பறவையாகிவிட்டது; முருகன் வாகனம் என்பதால் அதற்கு முன்பும் கொங்கில் பலர் அதைத் தொட்டதில்லை. இன்று மயிலும் காட்டுப்பன்றியும் விளைச்சலை அழிப்பதாக விவசாயிகள் மனு கொடுக்கிறார்கள். வனத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபோதும், சுடும் பொறுப்பு வனத்துறை ஆட்களுக்குத்தான். தோட்டக்காரரின் பழைய ரைபிளுக்கு அதில் வேலையில்லை. இருக்கவும் கூடாது: அந்தச் சின்னக் குண்டு பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தி விரட்டும். குறி தப்பினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும்.

வேட்டை போனபின் ரைபிள் பெட்டிக்குள் போனது. 1980களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி தனியாருக்கு அடைபட்டதால், உள்ளூரில் இருந்த பழைய பி.எஸ்.ஏ.வுக்கும் பிர்னோவுக்கும் விலை ஏறியது. 2019 டிசம்பரில் சட்டத் திருத்தம் ஒருவர் வைக்கும் துப்பாக்கியை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தபோது, பெரிய குடும்பங்கள் எதை விடுவது என்று யோசித்தன. காவலுக்கு ட்வெல்வ் போர், கைக்கு ரிவால்வர் என்று வைத்துக்கொண்டால், தாத்தாவின் சின்ன ரைபிள்தான் முதலில் வெளியேறும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கும் வழக்கமும் உண்டு. ஒப்படைக்கும் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவார் யாருமில்லை. சில மாதம் கழித்துத் திரும்பி வரும்போது போல்ட்டில் துரு படிந்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. உரிமம் பெற்ற டீலரிடம் ஒப்படைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. காசு செலவானாலும் அதுவே ரைபிளுக்கு நல்லது.

இதற்கிடையில் பாயின்ட் டூ டூ விளையாட்டாகத் தழைத்தது. கோவை ரைபிள் கிளப் போன்ற இடங்களில் இன்று பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் முதலில் ஏர் ரைபிள், பிறகு பாயின்ட் டூ டூ என்று படியேறுகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றது .22 லாங் ரைபிள் தோட்டாவில்தான், 1887இல் பிறந்த அதே தோட்டா. அவர் ஏந்திய நவீன ரைபிளுக்கும் பண்ணை வீட்டு மார்ட்டினிக்கும் உருவத்தில் ஒற்றுமை குறைவு. ஆனால் குழலின் அளவும் விளிம்பில் பற்றும் நெருப்பும் ஒன்றே. நல்ல குழலுள்ள பழைய பி.எஸ்.ஏ. இன்றும் 25 மீட்டரில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும். பயிற்சிக்குப் புது ரைபிள் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு அது போதும்.

ஆகவே காங்கேயத்திலோ தாராபுரத்திலோ உடுமலையிலோ, தாத்தாவின் ரைபிள் பரணில் இருக்கிறது என்று அறிந்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதை மறைத்து வைக்காதீர்கள். லைசென்ஸ்தாரர் இறந்தால் வாரிசு விண்ணப்பிக்க 2016 ஆயுத விதிகள் வழி தருகின்றன. அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆகிவிட்டாலோ 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றவும் கேட்கலாம். விண்ணப்பிக்காமல் வைத்திருந்தால் அது திருட்டுத் துப்பாக்கிக்குச் சமம். குறைந்தது இரண்டு ஆண்டு சிறை. சுடவே முடியாத அளவுக்குப் பாழாகி, பழம்பொருளாக மட்டும் நிற்பதற்குச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அந்த நிலையில்தான் இருக்கிறது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள், அதிகாரியிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள். உரிமம் பெற்ற டீலர் குழலையும் போல்ட்டையும் பார்த்துச் சொல்லும்வரை ஒரு தோட்டாகூட உள்ளே போகக் கூடாது. வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்றால் ரைபிள் கிளப்பில் கேளுங்கள், அருங்காட்சியகத்தில் கேளுங்கள். காகிதங்களோடு கலெக்டர் ஆபீசுக்கு இந்த மாதமே போங்கள்.